பட்டறை மேட்டில் தனம் கட்டிய வீடு

குரும்பலூருக்கு வெளியே ஒரு வீடு இருக்கிறது. ஏசி கிடையாது. அக்னி நட்சத்திரத்து மத்தியானத்தில் அதற்குள் நுழைந்தவர்கள் போர்த்திக்கொள்ளக் கம்பளி கேட்டிருக்கிறார்கள். அலமாரியில் தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்து கிடக்கும். கரண்டியால் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

கம்பளி கொஞ்சம் அதிகம்தான். யாரும் கேட்கவில்லை. எண்ணெய் உறைந்தது மட்டும் சத்தியம். ஆனால் அது தை மாதத்து விடியற்காலையில். அந்த நேரத்தில் பெரம்பலூர் மாவட்டத்தில் எல்லார் வீட்டு எண்ணெயும் உறையும்.

வீட்டுக்காரியின் பெயர் தனம். வயது அறுபத்தெட்டு. எட்டாவது வரை படித்தவள். சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம் என்று நாற்பது வருஷம் பயிர் வைத்தவள். புருஷன் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகன் பிரேமுக்குச் சென்னையில் வேலை. மருமகள் சண்முகப்பிரியாவுக்கும் அங்கேயே வேலை. நான் தனத்துக்கு உறவு இல்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், அவளைவிட ஆறு வயது மூத்தவள். என்னை 'டீச்சரக்கா' என்பாள்.

தனத்தின் பழைய வீடு மெயின் ரோட்டில் இருந்தது. புருஷன் கட்டியது. இந்த ஊரில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் பார்ப்பது ரோட்டைத்தான். ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுவதால் ரோடு உயர்ந்துகொண்டே போகும். தாழ்வாகக் கட்டியவன் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் விருந்துக்கு வரும். அதற்குப் பயந்து எல்லாரும் பேஸ்மட்டத்தை ஆள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். தனத்தின் வீட்டுக்கு ஏழு படி வைத்தார்கள். ரோடு இரண்டு படியை விழுங்கி, ஐந்து மிச்சம்.

அந்த ஐந்தில் மூன்றாவது படியில்தான் போன வருஷம் சித்திரையில் விழுந்தாள். கையில் இருந்தது காய்ந்த துணி மூட்டை. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்து, தகடு வைத்து, மூன்று மாதம் நாலுகால் வாக்கரைப் பிடித்து நடந்தாள். அந்த மூன்று மாதமும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாள். மேலே காங்கிரீட் தளம் பகல் முழுக்கச் சுட்டு, ராத்திரி பதினோரு மணி வரை அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். ஏசி மாட்டினார்கள். ஏசி ஓடினால் குளிர்ந்தது. கரண்டு போனால் இட்லிக் குண்டான்.

பிரேம் வந்து நின்றான்.

"அம்மா, மூட்டையக் கட்டு. மூணாவது மாடிதான், ஆனா லிப்ட் இருக்கு."

"லிப்ட் நின்னுட்டா?"

"ஜெனரேட்டர் இருக்கு."

"அதுவும் நின்னுட்டா?"

"அப்ப ரெண்டு நாள் வூட்டுக்குள்ளயே இருந்துக்க வேண்டியதுதான்."

"அத நான் இங்கயே இருந்துக்கறேன்டா."

இப்படியே இரண்டு நாள் பேசினார்கள். கடைசியில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது, நான்தான் சாட்சி. தனம் தனக்கு ஏற்ற மாதிரி ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம். அடுத்த சித்திரையில் பிரேம் வந்து பத்து நாள் தங்குவான். அந்தப் பத்து நாளில் ஒரு தடவையாவது இன்னொரு ஆளின் கை இல்லாமல் அவளால் முடியவில்லை என்று கண்டால், மறுபேச்சு இல்லாமல் அவள் சென்னைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

"அழுவக் கூடாது," என்றான் பிரேம்.

"நீயும் அழுவக் கூடாது," என்றாள் தனம்.

அவளுக்கு இடம் இருந்தது. என் வீட்டுக்கு எதிர்ப்புறம், ரோட்டை விட்டுத் தள்ளி, அவர்கள் வயலின் ஓரத்தில் கொஞ்சம் மேடான மண். அங்கேதான் வருஷா வருஷம் வெங்காயப் பட்டறை போடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிடுங்கிய சின்ன வெங்காயத்தைத் தரையில் குவித்தால் வேர்த்து அழுகிவிடும். அதனால் கல் அடுக்கி, அதன் மேல் கழி பரப்பி, பக்கங்களில் கம்பு வரிந்து, மேலே கரும்புத் தோகை வேய்ந்து, அதற்குள் கொட்டி வைப்பார்கள். கீழே நுழைந்த காற்று வெங்காயத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே போய்விடும். மேற்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் சூத்திரம்.

கொத்தனார் இளையபெருமாள் தனத்துக்குத் தூரத்து முறை. 'அத்தாச்சி' என்று கூப்பிடுவார். அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைக் குடியிருப்புகள் கட்டிய கை. தாளும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தார். தனம் தாளை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பட்டறை எப்படிப் போடுவது என்று அவருக்கு அரை மணி நேரம் சொன்னாள்.

"அத்தாச்சி, வூடு கட்டக் கூப்புட்டு வெங்காயத்துக்கு எடம் பாக்கறீங்களே."

"வெங்காயம் ஆறு மாசம் அழுவாம கெடக்குதுல்ல? நான் ஒரு பத்து வருஷம் அழுவாம கெடந்தாப் போதும்."

"மேல ஓட்டை விட்டா குருவி வரும்."

"கம்பி வலை அடிங்க. அதையும் மீறி வந்தா இருந்துட்டுப் போவட்டும்."

ஆவணியில் கடைக்கால் தோண்டினார்கள். வீடு சின்னது: ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அடுப்படி, குளியலறை. வெயில் காயும் மேற்குப் பக்கத்தில் குளியலறையையும் சாமான் அறையையும் போட்டார்கள். சூடு முதலில் அவற்றின் தலையில் விழட்டும், மனுஷி படுக்கிற இடத்துக்கு வர வேண்டாம் என்று. மேற்குச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் கழிகளால் தட்டி கட்டி, அவரைக்கொடி ஏற்றினார்கள். வடக்கே தாழ்வாக ஜன்னல். தளத்தை ஒட்டி, உச்சியில், காற்று வெளியேறத் துவாரங்கள். தளத்தின் மேல் வெள்ளை டைல்ஸ் சில்லுகளைப் பதித்தார்கள். கரண்டு குறைவாக இழுக்கும் பேன் இரண்டு. மொட்டை மாடியில் சோலார் தகடு நான்கு. அவை கரண்டும் தந்தன, தளத்துக்குக் குடையும் பிடித்தன.

மற்றதெல்லாம் காலுக்காக. வீட்டுக்குள் எங்கும் ஏற்ற இறக்கம் இல்லை. தரைக்கு வழுவழுப்பான டைல்ஸ் வேண்டாம் என்று சொரசொரப்பானதைப் போட்டாள். உறவினர்கள், "பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு," என்றார்கள். "பஸ் ஸ்டாண்டுல எவனாவது வழுக்கி வுழுந்து பாத்திருக்கியா?" என்று கேட்டாள். ஸ்விட்சும் பிளக்கும் இடுப்பு உயரத்தில். கதவுகள் வாக்கர் நுழையும் அகலத்தில். குளியலறைக் கதவுக்கு மட்டும் சண்முகப்பிரியா போனில் ஒரு யோசனை சொன்னாள்.

"அத்தை, அந்தக் கதவு வெளிப்பக்கமாத் தொறக்கற மாரி வைங்க. உள்ள நீங்க வுழுந்து கெடந்தா, உள்பக்கம் தொறக்கற கதவ யாரும் தள்ள முடியாது."

"என்னம்மா இப்படி வாய் வைக்கற?"

"வாய் வைக்கல அத்தை. கதவு வைக்கச் சொல்றேன்."

அப்படியே வைத்தார்கள். சுவரில் கைப்பிடிக்கு இரும்புக் குழாய் பதித்துவிட்டு இளையபெருமாளும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் அதில் தொங்கிப் பார்த்தார்கள். அவர் ஒருவர்தான் தொங்கினார். ஆனால் அவர் ஒருவரே மூன்று பேர் எடை.

அவருக்கும் தனத்துக்கும் இரண்டு சண்டைதான். ஒன்று, பேஸ்மட்டம். நாலடி ஏற்றாத வீட்டுக்குத் தன் பேரைச் சொல்லாதீர்கள் என்றார். ரோடு இங்கே வராது, மேட்டில் தண்ணீரும் நிற்காது என்று தனம் ஒரு சாணில் முடித்து, வாசலுக்கும் கொல்லைக்கும் அந்த உயரத்துக்கு மண்ணைச் சரிவாக அணைக்கச் சொல்லிவிட்டாள். இன்னொன்று, வாசல்படி.

வாசல் நிலைக்குக் கீழே குறுக்குக் கட்டை வேண்டாம் என்பது அவள் கணக்கு. வாக்கர் தடையில்லாமல் வெளியே போக வேண்டும். இளையபெருமாள் மண்டையை ஆட்டினாரே தவிர, மனசு ஆடவில்லை. ஆசாரியிடம் மூன்று பக்கத்துக்கு மட்டும் நிலை செய்யச் சொல்லியிருந்தார்கள்.

ஐப்பசியில் நல்ல நாள் பார்த்து நிலை வைத்தார்கள். தனத்தின் நாத்தனார் கலியம்மாள் பாடாலூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். எழுபத்தைந்து வயது. நிலையைப் பார்த்தார், கீழே பார்த்தார்.

"எங்கடி படி?"

"படி இல்ல அண்ணி. காலு தடுக்கும்."

"ஊஞ்சக்காலு நட்ட மாரி மூணு கட்டைய நட்டு வச்சா அது நிலையாடி? மஞ்ச எதுல பூசுவ? நவதானியத்த எதுக்கு அடியில போடுவ? லச்சுமி வந்து நின்னா, காலு வைக்க ஒரு எடம் வேணாமா?"

"நானும் அதத்தான் ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார் இளையபெருமாள், பக்கத்தில் யாரும் இல்லாதது போல.

"படியில்லாத வூட்டுல என் தம்பி போட்டோவ மாட்டக் கூடாது. சொல்லிட்டேன்."

தனம் என்னைப் பார்த்தாள். நான் தலைமையாசிரியையாக இருந்தவள், சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நல்ல காரியத்தில் கலியம்மாளிடம் வாய் கொடுக்கிறவர் அந்தத் தாலுகாவிலேயே கிடையாது. அதோடு, தனத்துக்கும் உள்ளூர ஆசை இருந்தது. மஞ்சள் பூசாத வாசலில் எப்படிக் குடியேறுவது என்று அவளுக்குமே ஒரு குறை. "சரி, ஒரு மூணு அங்குலத்துக்கு வையுங்க," என்றாள். ஆசாரி நேரே வண்டிக்குப் போனார். படிக்கான கட்டை, அளவெடுத்து, இழைத்து, துளை போட்டுத் தயாராக வண்டியில் கிடந்தது. எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது, தனத்தைத் தவிர.

நவதானியம் போட்டு, குந்துமணி அளவு தங்கம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, பால் ஊற்றினார்கள். அப்போது அவள் வாக்கரை விட்டுவிட்டு ஊன்றுகோலுக்கு வந்திருந்தாள். படியைச் சுலபமாகத் தாண்டி அந்தப் பக்கம் போய், திரும்பி வந்து காட்டினாள். அன்றைய காலுக்கு அந்தப் படி ஒன்றுமே இல்லை.

தையில் குடியேறினாள். மாசியில் இடது முழங்கால் வீங்கியது. டாக்டர் மறுபடி வாக்கரைக் கையில் கொடுத்தார்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் அவள் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். உள்ளிருந்து குரல் வந்தது, ஆள் வரவில்லை. வெகுநேரம் கழித்து, படி வைக்காத கொல்லைக் கதவு வழியாக இறங்கி வீட்டைச் சுற்றிக்கொண்டு, மக்காச்சோளத் தட்டைக்கு நடுவிலிருந்து வாக்கரும் அதன் பின்னால் தனமும் வந்தார்கள். வாக்கர் காலில் சேறு.

"ஏன்டி, வாசல் எதுக்குக் கட்டுன?"

"கொல்லப் பக்கம் காத்தோட்டமா இருந்துச்சு டீச்சரக்கா."

"எத்தன நாளாக் காத்தோட்டம்?"

வாக்கரைத் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "இருவது நாளு. வாக்கரத் தூக்கி அந்தப் பக்கம் வச்சா, நான் இந்தப் பக்கம் நிக்கறேன். பிடிக்க ஒண்ணுமில்ல. மூணு அங்குலம்தான். ஏணி மாரி தெரியுது."

"பிரேமுக்குத் தெரியுமா?"

"சித்திரை பொறக்க இன்னும் ஒரு மாசம் இருக்கு. வந்த அன்னிக்கே பாத்துடுவான். வாசல் வழியா வெளிய வர முடியாதவ தனியா இருக்கேன்னு எந்த மூஞ்சிய வச்சுச் சொல்றது?"

இளையபெருமாளைக் கூப்பிட்டோம். வந்து, குந்தி உட்கார்ந்து, படியைத் தடவிப் பார்த்தார்.

"அறுத்து எடுத்துடுங்க," என்றாள் தனம்.

"அத்தாச்சி, பூச போட்டு வச்ச படியில நான் உளி வைக்க மாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

"அப்ப பக்கத்துல ஒரு பலகய சாய்ச்சு வைங்க."

"பலக நவுந்தா? மறுபடி ஆஸ்பத்திரி."

அன்றைக்கு அவர் போய்விட்டார். மறுநாளும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். நான் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மட்டம் பார்க்கும் ரசமட்டமும் இரண்டு ஆட்களுமாக வந்தார்.

"படி கீழ எறங்காது. தரைய மேல ஏத்திடறேன். ரோட்டுக்காரன் வருசா வருசம் ஏத்துறான், நாம ஒரு தடவ ஏத்துனா என்ன?"

வெளியே ஐந்தடி நீளத்துக்கு மெல்ல ஏறும் வாட்டம். உள்ளே, கதவு திறந்து மடியும் அளவுக்குப் படியின் உயரத்திலேயே மட்டமாக விட்டு, அதற்கு அப்புறம் கண்ணுக்குத் தெரியாத வாட்டமாகக் கூடத்துக்கு இறக்கினார். கதவின் அடியை ஆசாரி கொஞ்சம் சீவினார். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, வாசலுக்கு முன்னால் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மேலே கம்பிச்சட்டம் போட்டார். மேலே போட்டதும் அதே சொரசொரப்பான டைல்ஸ். பூசிய இடத்துக்கு ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும் என்பதால் தனம் என் வீட்டில் இருந்தாள். எல்லாம் முடிந்தபோது படி அங்கேயேதான் இருந்தது. தரைக்குச் சமமாக, இரண்டு பக்கமும் டைல்ஸுக்கு நடுவே ஒரு மரக்கோடாக. வெள்ளிக்கிழமை தனம் வாசலுக்கு வந்து, நீளக் கைப்பிடி போட்ட துணித் துடைப்பத்தை மஞ்சள் தண்ணீரில் நனைத்து அதில் பூசினாள். குனிய வேண்டியிருக்கவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு வந்த கலியம்மாள் மஞ்சளைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், இளையபெருமாளைத் தேடினார், அவர் அன்றைக்கு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. கலியம்மாள் போகும்போதும் வரும்போதும் காலைத் தூக்காமலே போனார், வந்தார்.

சித்திரையில் பிரேம் வந்தான். சூடு பார்க்கும் கருவி இரண்டு கொண்டுவந்து, ஒன்றை வெளியே நிழலில் மாட்டினான், ஒன்றைக் கூடத்தில் மாட்டினான். தாய் காலையில் எழுவதிலிருந்து படுப்பது வரை ஓரமாக நாற்காலி போட்டு, பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவள் எழுந்தாள், குளித்தாள், சமைத்தாள், அவரைக்காய் பறித்தாள், வாசலுக்குப் போய்ப் பால் வாங்கினாள். எதற்கும் கை நீட்டவில்லை. நான்காம் நாள் அவனே வாக்கரை வாங்கிக்கொண்டு கட்டிலிலிருந்து குளியலறைக்கும், அங்கிருந்து அடுப்படிக்கும், அப்புறம் வாசலுக்கும் போனான். வாசலில் நின்றான்.

"இது என்ன, படி தரைக்குள்ள இருக்கு?"

"படி படியாத்தான் இருக்கு. தரதான் மேல வந்துடுச்சு," என்றாள் தனம்.

தாண்டிப் போனான்; வாக்கர் கால் கட்டையில் பட்டு 'டொக்'கென்று ஒரு தடவை சத்தம் போட்டது, அவ்வளவுதான். அவன் முகத்தில் குறை தேடி ஏமாந்த களை தெரிந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஒரு மணிக்குக் கரண்டு போனது. சோலார் இருந்ததால் பேன் நிற்காது என்று நினைத்தோம்; அது எப்படிச் செய்த இணைப்போ, லைனில் கரண்டு இல்லாவிட்டால் அதுவும் நின்றுவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியே நாற்பத்தொன்று. உள்ளே முப்பத்து நாலு. பேன் இல்லை. வடக்கு ஜன்னல் வழியாக வந்த காற்று கூடத்தைக் கடந்து உச்சித் துவாரத்தில் ஏறிப் போவது, தனம் கொளுத்தி வைத்த ஊதுபத்திப் புகையில் தெரிந்தது. தனம் சுவரோரம் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். பிரேம் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தவன், அப்படியே தூங்கிப்போனான். இரண்டரை மணி நேரம். குறட்டைச் சத்தத்தில் அவரைக்கொடியிலிருந்த தவிட்டுக்குருவிகள் எல்லாம் பறந்தன. நாலரை மணிக்கு எழுந்து, முகம் கழுவி, தாயின் முன்னால் வந்து நின்று, "அம்மா, நீ இங்கயே இரு. இனிமே நான் கூப்புட மாட்டேன்," என்றான்.

இதுவரை எழுதியதைத் தனத்திடம் வாசித்துக் காட்டினேன். வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டாள். கடைசி வரியில் கண்ணைத் திறந்தாள்.

"டீச்சரக்கா, அன்னிக்குப் பாயில தூங்குனது நீங்க. அவன் புளியமரத்தடியில நின்னு போன் பேசிக்கிட்டிருந்தான். ராத்திரி எனக்கு ஒண்ணுன்னா எதுத்தாப்புல டீச்சர் இருக்காங்க, ஒரு கொரல் குடுத்தா ஓடி வந்துடுவாங்கன்னு அவங்கிட்டச் சொல்லி வச்சிருந்தேன். உள்ள வந்தவன் உங்க பேரச் சொல்லி மூணு வாட்டிக் கூப்புட்டுப் பாத்தான். நீங்க அசையவே இல்ல. 'இவங்கதான் ஓடி வருவாங்களா?'ன்னு கேட்டான். அதுக்கப்புறந்தான், 'சரிம்மா, அடுத்த சித்திர வரைக்கும் பாக்கலாம்'னான். இங்கயே இருன்னுல்லாம் சொல்லல."